ஒரு சாண் இடைவெளி

அப்பாவைக் காருக்குள் வைத்து அடைத்தது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

எங்கள் ஃபெர்ரியில் எனக்கு மூன்று வேலை. வண்டிகளுக்குக் கைகாட்டி உள்ளே வாங்கி அடுக்க வேண்டும். சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். கிளம்பும்போது கயிற்றை அவிழ்த்து இழுத்துச் சுருட்டி வைக்க வேண்டும். இது போக மைக்கிலும் பேசுவேன். அதை ஒரு வேலை என்று வீட்டில் யாரும் ஒத்துக்கொண்டதில்லை. எல்லாரும் என்னைக் 'கட்டை' என்றுதான் கூப்பிடுவார்கள். முட்டுக்கட்டை வைப்பதால் வந்த பெயர் என்று நான் சொல்லிக்கொள்வேன். அக்கா வேறு காரணம் சொல்வாள்.

வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடைவெளி. அப்பா போட்ட சட்டம். "ரெண்டு சாண் விட்டா நடுவுல இருக்கற காத்துக்கு யார் டிக்கெட் எடுப்பா?" என்பார். ஆகவே வண்டியில் வருகிறவர்கள் துறையிலேயே இறங்கி நடந்து ஏறி மாடியில் உட்கார்ந்துகொள்வார்கள். வண்டியை ஓட்டி வந்தவர் நிறுத்திய கையோடு, அடுத்த வண்டி வந்து ஒட்டுவதற்குள் வெளியே நழுவிவிட வேண்டும்.

இன்று காலை அப்பாவின் பழைய காரை ஓட்டி ஏற்றியது நான். அவருக்குக் கண் மங்கியதிலிருந்து ஸ்டீயரிங் பக்கம் போவதில்லை. பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுப்பார். இடப்பக்கம் படகின் இரும்புச் சுவரை ஒட்டி நிறுத்தினேன். "இறங்குங்கப்பா" என்று சொல்லிவிட்டு நான் குதித்து ஓடினேன். "ம்" என்றார்.

அந்த 'ம்'மைக் கொஞ்சம் விசாரித்திருக்க வேண்டும். அதற்குள் மெத்தை ஏற்றிய லாரி ஒன்று வந்துவிட்டது. "வா... வா... இடது ஒடி... வா... போதும்!" சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஸ்கேல் வைத்த மாதிரி ஒரு சாண். என் வாழ்நாளில் ஒரு லாரியை நான் அத்தனை அழகாக அடுக்கியதில்லை.

படகு துறையை விட்டு விலகியது. பின்கயிற்றைப் பாதி இழுத்திருப்பேன். கீழேயிருந்து ஹாரன் கேட்டது. நீளமாக, கோபமாக, எனக்கு நன்றாகப் பழக்கமான குரலில். கார் ஹாரனுக்கு ஏது குரல் என்று கேட்காதீர்கள். அடிப்பவர் அப்பாவாக இருந்தால் உண்டு.

கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

கீழே என்றால், பாதிக் கயிறு கீழே. மீதிப் பாதி கடலில். மேலே சுக்கான் அறையில் இருந்த அக்காவுக்கு அது தெரியாது. படகைத் திருப்புவதற்காக இன்ஜினைப் பின்னுக்குப் போட்டாள். அடியில் சுற்றும் விசிறி என் கயிற்றை நூல்கண்டு மாதிரி சுருட்டிக்கொண்டது. இன்ஜின் ஒருமுறை விக்கியது. நின்றுவிட்டது.

நங்கூரம் போய் மண்ணைப் பிடிப்பதற்குள் நீரோட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு வந்து நட்ட நடுவில் விட்டுவிட்டது. இடது பக்கம் தீவு. வலது பக்கம் பெரிய கரை. இரண்டும் நன்றாகத் தெரிகிறது. இரண்டுக்கும் போக முடியாது.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று போன வாரம் நடந்தது தெரியாதவர்கள் கேட்கலாம். கரையில் இருக்கும் பெரிய கம்பெனி எங்கள் ஃபெர்ரியை விலைக்குக் கேட்கிறது. அவர்களுடைய மேனேஜர் போன வாரம் வீட்டுக்கு வந்து, காபி குடித்து, போகும்போது மேஜைமேல் ஒரு தங்க நிறப் பேனாவை வைத்துவிட்டுப் போனார். "யோசிச்சு, இதுலயே கையெழுத்து போட்டுடுங்கய்யா. அடுத்த செவ்வாய் சாயங்காலம் வரைக்கும்தான் எங்க பேச்சு. அதுக்கப்புறம் நாங்களே புதுப் படகு விட்டுடுவோம்." அந்தச் செவ்வாய் இன்றுதான். அப்பா இன்று காலை இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, அந்தப் பேனாவைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பினார். கையெழுத்து போடப் போகிறாரா இல்லையா என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

விற்றால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அவர்களிடம் சம்பளத்துக்குப் படகோட்டிகள் வரிசையில் நிற்கிறார்கள். அக்கா சக்கரத்தை விட்டு இறங்க வேண்டியதுதான். பன்னிரண்டு வருஷமாக அந்தச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் அக்கா. அதை நினைத்தால்தான் எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. (அக்கா இதை நம்பவில்லை. என் தட்டைக் காட்டினாள்.)

முதலில் அப்பாவைப் பார்க்கப் போனேன். போவது என்றால் நடந்து போவது இல்லை. பால் வேன் மேல் ஏறி, அங்கிருந்து காரின் முன்பக்கம் தாவி, கூரைமேல் குப்புறப் படுத்து, லாரிக்கும் காருக்கும் நடுவில் தலையைத் தொங்க விட வேண்டும். கண்ணாடியை இறக்கி வைத்திருந்தார். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அப்பாவின் கை வெளியே வரும், தலை வரும், வயிறு வராது.

"யார்ரா இந்த லாரியை இப்படி அடுக்கினது?"

"நான்தாம்பா."

"நல்லா அடுக்கியிருக்க," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. என் தொழிலை அப்பா பாராட்டியது அதுதான் முதல் தடவை.

"இறங்குங்கன்னு சொன்னேனே. ஏன் இறங்கலை?"

"முதலாளி மாடியில போய் உட்கார்ந்தா, எல்லாரும் வந்து 'விக்கறீங்களாமே, விக்கறீங்களாமே'ன்னு கேப்பாங்க. இங்கேயே இருந்துடலாம்னு பார்த்தேன்." துண்டால் கழுத்தைத் துடைத்தார். "படகு ஏன் நின்னுச்சு?"

சொன்னேன். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு உண்மை சொல்வது சுலபமாக இருக்கிறது. ரத்தமெல்லாம் தலைக்கு வந்துவிடுவதால் வெட்கத்துக்கு இடம் இருப்பதில்லை.

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கயிறை வேணும்னே விட்டியா?"

"எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் உண்டுன்னு நீங்க நினைக்கறதே பெரிய விஷயம்பா."

"எப்ப சரியாகும்?"

"ஆயிடும்," என்றேன்.

அவர் சொல்லிக்கொடுத்த பதில்தான். என்னிடம் முதன்முதலாக மைக்கைக் கொடுத்த அன்றே பாடம் எடுத்தார். எப்ப கிளம்பும்னு கேட்டா கிளம்பிடும்னு சொல்லு. எப்ப போய்ச் சேரும்னா சேர்ந்துடும். மணியைச் சொல்லிடாதே, காத்து மாறினா அந்த மணியைக் கொண்டுவந்து உன் மூஞ்சியில வீசுவாங்க. தொழிலுக்குச் சொன்னது மெல்ல மெல்ல வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. 'சாப்பாடு ஆச்சா?' 'ஆயிடும்.' 'காய்ச்சல் விட்டுச்சா?' 'விட்டுடும்.' கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் ஒரே ஆள் எங்கள் வீட்டில் அம்மா. அம்மா போன பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் பயணிகள் மாதிரிதான்.

"கையெழுத்து போடப் போறீங்களாப்பா?" என்றேன்.

"உங்கக்கா என்ன சொல்றா?"

"அவளையே கேளுங்களேன்."

"எப்படிக் கேக்கறது? கதவு திறக்கலையே."

"திறந்துகிட்டு இருந்த காலத்துல கேட்டிருக்கலாம்."

"தண்ணி கொண்டா," என்றார் அப்பா.

மாடிக்கு ஏறும் வழியில் கணக்கு டீச்சர் மறித்துக்கொண்டார். தீவுப் பள்ளிக்கூடத்தில் என்னை மூன்று வருஷம் ஒரே வகுப்பில் வைத்திருந்த புண்ணியவதி.

"எப்பப்பா கிளம்பும்?"

"கிளம்பிடும் டீச்சர்."

"அதான் எப்ப?"

"சீக்கிரம்."

"சீக்கிரம்னா?"

"கிளம்பற நேரத்துல."

"இந்த மாதிரிதான் நீ பரீட்சையிலயும் எழுதினே," என்றார் டீச்சர்.

சுக்கான் அறையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். இன்ஜின் செத்து, நங்கூரம் போட்ட படகில் சக்கரத்தைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் இரண்டு கையும் அதன் மேல்தான் இருந்தன. காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. பெஞ்சுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி. அதில் புதுச் செருப்பு ஒரு ஜோடி இருக்கிறது, டிஷ்யூ காகிதம்கூடக் கலையாமல். எப்போது வாங்கினாளோ. 'இதைப் போட்டுக்கிட்டு எங்கே போகப் போற, சக்கரத்தைச் சுத்தியா?' என்று நான் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன்.

"கயிறை வேணும்னுதானே போட்ட?" திரும்பாமலே கேட்டாள்.

"நீயுமா? நம்ம வீட்டுல எனக்குத்தான் எவ்வளவு மதிப்பு!"

"கிரீஸ் அண்ணனை இறங்கச் சொல்லு."

கிரீஸ் அண்ணன் எங்கள் இன்ஜின்காரர். சுக்கான் அறைக்கு வெளியே கத்தியை வைத்துக்கொண்டு தயாராகத்தான் நின்றார். "இந்த இழுப்புல இறங்கினா, நான் கயித்தை அறுக்கறதுக்குள்ள கடல் என்னைக் கொண்டுபோய் அடுத்த ஊர்ல விட்டுடும் தாயி. ஓட்டம் அடங்கட்டும்."

"எவ்வளவு நேரம்ணே?"

"அடங்கிடும்."

அக்கா சக்கரத்தை ஓர் அறை விட்டாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்தப் படகிலேயே நிதானத்துக்குப் பேர்போனவள் அவள்தான். சுழற்காற்றில்கூடக் கொட்டாவி விட்டுக்கொண்டு ஓட்டுவாள்.

"எதுக்கு இந்த அவசரம்?" என்றேன். "நின்னா நல்லதுதானே? சாயங்காலம் வரைக்கும் இப்படியே கிடந்தா மேனேஜர் பேச்சு தானா முடிஞ்சுடும். கையெழுத்தும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. என் கயிறு ஃபெர்ரியைக் காப்பாத்திடும். எனக்குச் சிலையே வைக்கலாம், கையில கயிறோட."

அக்கா சிரிக்கவில்லை. வயர்லெஸ் கரகரத்தது. கரைக் கம்பெனிக்காரர்கள் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். இழுவைப் படகு அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். அவள் மைக்கைக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் பேசாமல் வைத்திருந்தாள். "பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டு மாட்டினாள்.

"அவனுங்க இழுத்துகிட்டுப் போய் அப்பாவை அவனுங்க வாசல்லயே இறக்கி விடுவானுங்க," என்றேன்.

"துறைக்கு வெளியில, அந்தக் கண்ணாடிக் கடை மூடிட்டாங்களாமே?" என்றாள் அக்கா.

பேச்சை மாற்றுவதில் எங்கள் குடும்பத்தை அடிக்க ஆள் கிடையாது.

"நீதானே தினம் அங்கே போற. என்னைக் கேக்கற?"

"நான் துறைக்குத்தான் போறேன்."

அதுவும் சரிதான். கரையில் முன்பலகையை இறக்கி வண்டிகள் போகும்போது இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். படகு கரையை முட்டித் தள்ளிக்கொண்டே நின்றால்தான் பலகை நழுவாது. ஆகவே எல்லாரும் இறங்கலாம், சக்கரம் பிடித்தவர் மட்டும் இறங்கக் கூடாது. ஃபெர்ரிக்கு விடுமுறை என்றால் தீவுப் பக்கம்தான் கட்டிப்போடுவோம். அன்றைக்கு அக்கா சும்மா இருப்பாள். ஆனால் கரைக்குப் போக ஃபெர்ரி இருக்காது.

அந்தக் கண்ணாடிக் கடையில் அக்கா ஆறு மாசம் வேலை பார்த்திருக்கிறாள். கண் சோதித்து, எந்தக் கண்ணாடி போட வேண்டும் என்று சொல்லும் வேலை. படித்து முடித்துக் கிடைத்த முதல் உத்தியோகம். லீவுக்கு வந்தபோது விளையாட்டாக எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டி அப்பாவைப் படிக்கச் சொன்னாள். மூன்றாவது வரிக்குமேல் அப்பா சொந்தமாக எழுத்துகளைக் கற்பனை செய்ய ஆரம்பித்தார். அதோடு அவருடைய லைசென்ஸ் போயிற்று. 'கொஞ்ச நாளைக்கு நீ பிடிம்மா,' என்றார். அக்கா பரீட்சை எழுதிச் சக்கரத்தைப் பிடித்தாள். அந்தக் கொஞ்ச நாள்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் கல்யாணப் பேச்சு பேச ஒரு குடும்பம் கரையிலிருந்து வந்தது. அவர்களைக் கூட்டிவந்ததும் இதே ஃபெர்ரி, ஓட்டியது அக்கா. பேச்சு சரிவராமல் திரும்பிப் போனார்கள். கொண்டுபோய் விட்டதும் அக்காதான். துறையில் இறங்கும்போது மாப்பிள்ளைப் பையன் மேலே பார்த்து, "நல்லா ஓட்டறீங்க," என்றானாம்.

"கடை இருக்கு," என்றேன். "பேரு மட்டும் மாத்திட்டாங்க."

"ம்," என்றாள். அது அப்பாவின் 'ம்' மாதிரியே இருந்தது. இரண்டாவது தடவையாக ஒரு 'ம்'மை விசாரிக்காமல் விட்டேன். எனக்குப் பட்டாலும் புத்தி வராது.

தண்ணீர் பாட்டிலோடு மறுபடி கீழே போனேன். அப்பா கையிலும் போன் இருக்கிறது, அக்கா கையிலும் போன் இருக்கிறது. ஆனால் என்னைவிட மலிவான போன் எங்கே கிடைக்கும்? நட்ட நடுவில் ஃபெர்ரி நின்றுபோன நாளில், மாடிக்கும் கீழுக்கும் ஓடிக்கொண்டிருந்த ஒரே ஃபெர்ரி நான்தான்.

வெயில் ஏறிவிட்டது. இரும்புச் சுவர் சுட்டது. காருக்குள் அப்பா சட்டையின் மேல் பட்டன்களைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். இஸ்திரி எல்லாம் போய்விட்டது. தண்ணீரைக் குடித்துவிட்டு, சீட்டில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். சட்டென்று வயதானவராகத் தெரிந்தார். தலைகீழாகப் பார்ப்பதால்தான் அப்படித் தெரிகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"அவ என்ன பண்றா?"

"சக்கரத்தைப் பிடிச்சுகிட்டு நிக்கறா."

"நின்னு போன படகுலயா?"

"ஆமா."

அப்பாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "பார்த்தியா? அதைத்தான் சொல்றேன். அவளுக்கு அது கையில ஊறிடுச்சுடா. நான் பிடிச்சப்பகூட இப்படி இல்லை. அவ திருப்பற திருப்புல தேத்தண்ணி தளும்பாது." பையிலிருந்து அந்தப் பேனாவை எடுத்தார். "இந்தப் பேனாவைத் திருப்பிக் கொடுக்கத்தான் போறேன்."

எனக்குக் காது அடைத்தது. "என்னது?"

"முடியாதுன்னு சொல்லிட்டு வரப் போறேன். போன்லயே சொல்லலாம். அவங்க பொருளை நாம வச்சுகிட்டு, இல்லைன்னு போன்ல சொல்றது மரியாதையா? அவனுங்க புதுப் படகு விட்டா விட்டுக்கட்டும். என் பொண்ணு ஓட்டறதுக்குப் பக்கத்துல எவன் நிப்பான்?"

"இதை ஏம்பா வீட்டுலயே சொல்லலை? ஒரு வாரமா நான் சோறு..."

"உன் தட்டை நானும் பார்த்தேன்," என்றார் அப்பா. "அவகிட்ட சொன்னா நன்றி கின்றின்னு ஏதாவது சொல்லிடுவா. அப்புறம் ரெண்டு பேரும் மூஞ்சியைப் பார்த்துகிட்டு நிக்கணும். எனக்கு அதெல்லாம் வராது. நீ போய்ச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாதே."

"வேற யார் சொன்னதா சொல்றது? மெத்தைக்காரரா?"

லாரிமேல் மெத்தை அடுக்கின் உச்சியில் படுத்திருந்த டிரைவர், "நான் தூங்கறேன் சார்," என்றார்.

நான் காரின் கூரையிலிருந்து பால் வேனுக்கும், வேனிலிருந்து படிக்கும் எப்படித் தாவினேன் என்று தெரியாது. கண்ணில் தண்ணீர். தலைகீழாகத் தொங்கியதால் வந்தது, வேறொன்றும் இல்லை. டீச்சர் "கிளம்பிடுச்சா?" என்றார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுடுச்சு டீச்சர்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

நீரோட்டம் அடங்கியிருந்தது. கிரீஸ் அண்ணன் இரண்டு முறை முங்கி எழுந்து, மூன்றாவது முறை அறுந்த கயிற்றுத் துண்டுகளை வேர் பிடுங்கிய மாதிரி தூக்கிக் காட்டிவிட்டு மேலே ஏறினார். மாடியில் ஜனங்கள் கைதட்டினார்கள். கயிற்றைப் போட்டவனுக்கு யாரும் தட்டவில்லை.

"அக்கா!" மூச்சு வாங்கியது. "விக்கலை! அப்பா விக்கலை. பேனாவைத் திருப்பிக் கொடுக்கத்தான் போறாராம். நேத்து முந்தாநேத்தே முடிவு பண்ணிட்டாரு போல. உன்னைப் பத்தி என்ன சொன்னாரு தெரியுமா? உன் திருப்புல தேத்தண்ணி தளும்பாதாம். படகு உனக்குத்தான். எப்பவும் உனக்குத்தான்!"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன். எனக்கெல்லாம் அப்படி வராமல் இருந்ததே இல்லை. ஆனால் அவள் வேறு ரகம். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு எதிரே கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்து திரும்புது," என்றாள்.

"காத்தை விடு. நான் சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"சந்தோஷம்தானே?"

"வண்டியெல்லாம் கட்டை சரியா இருக்கான்னு பார்த்துட்டு வா."

கீழே இன்ஜின் அறையிலிருந்து மணி இரண்டு தரம் அடித்தது. தயார் என்று அர்த்தம். இன்ஜின் உறுமிப் பிடித்துக்கொண்டது. தரை காலடியில் அதிர்ந்தது. இனி அக்கா விசையை முன்னுக்குத் தள்ள வேண்டியதுதான் பாக்கி. தள்ளினால் கரை. கரையில் அப்பா பேனாவைக் கொடுத்துவிடுவார்.

அவள் கை விசைமேல் இருந்தது. தள்ளவில்லை.

அப்போதுதான் என் மரமண்டையில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. அவள் சக்கரத்தை அறைந்தது. இழுவைப் படகு வேண்டுமா என்று கேட்டபோது மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தது. பேர் மாறிய கண்ணாடிக் கடை. நான் குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தேன். அட்டைப்பெட்டி திறந்திருந்தது. டிஷ்யூ காகிதம் கலைந்திருந்தது. அக்காவின் காலில் புதுச் செருப்பு.

அப்பா கையெழுத்து போடப் போகிறார் என்று நினைத்து அவள் மாட்டிக்கொண்டது அது.

கீழேயிருந்து ஹாரன் நீளமாகக் கேட்டது. இன்ஜின் ஓடியும் படகு ஏன் நகரவில்லை என்று அப்பா கேட்கிறார்.

"அக்கா," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பயணிகளுக்குச் சொல்ற மாதிரி சொல்லாதே. அம்மா சொல்ற மாதிரி சொல்லு. உனக்கு இந்தப் படகு வேணுமா, வேணாமா?"

அவள் விசையிலிருந்து கையை எடுத்தாள். சக்கரத்திலிருந்தும் எடுத்தாள். பன்னிரண்டு வருஷத்தில் இன்ஜின் ஓடும்போது அந்த இரண்டு கையும் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

"வேணாம்," என்றாள். "ஒரு நாளும் வேண்டியிருந்ததில்லைடா."